எந்த அடி என்று அவர் சொல்லவில்லை

சில ஆண்டுகளுக்கு முன், பிளஸ் டூ தேர்வும் நோன்புப் பெருநாளும் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை மாலை, புதுக்கோட்டையில் எங்கள் டென்னிஸ் கிளப்பின் செம்மண் தரையில் நடந்தது இது. அன்று ஓர் இறுதிப் போட்டியில் நான் தோற்றேன். அது பெரிய செய்தியில்லை. நான் வேலை பார்க்கும் நாளிதழில் நான்கு வரி வந்தது. அந்த நான்கு வரியையும் நானேதான் எழுதினேன்.

நான் மாவட்டச் செய்தியாளர். ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், கீரமங்கலம் பூச்சந்தை நிலவரம், தை பிறந்துவிட்டால் ஊர் ஊராக ஜல்லிக்கட்டு என்று ஓடும் வேலை. திருச்சியில் படித்தபோது கல்லூரி டென்னிஸ் அணியில் இருந்தேன். வேலைக்காகப் புதுக்கோட்டை வந்ததும் முதலில் விசாரித்தது இந்த கிளப்பைத்தான். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே ஆடும் பெண் நான் ஒருத்தி மட்டும் என்று.

ஆண்கள் மரியாதையானவர்கள். வக்கீல்கள், பொறியாளர்கள், திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர். என்னோடு ஆட வந்தால் மட்டும் எல்லோருக்கும் கை இளகிவிடும். “மேடத்துக்கு மெதுவாப் போடுங்க” என்று ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் குரல் கொடுப்பார். நான் ஜெயிப்பேன். கைதட்டுவார்கள். வீட்டுக்குக் கிளம்பி வண்டியை எடுக்கும்போது, பசியோடு பந்தியில் உட்கார்ந்து வெறும் இலையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தது போல இருக்கும். இப்படியே பல வருடம் போனது.

அங்கே ஆட வந்த இரண்டாவது பெண் அவர். வந்தது ஒரு ஜூன் மாதம். அறந்தாங்கிக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். கணவருக்கு ஷார்ஜாவில் வேலை. இவரும் கல்யாணமானதிலிருந்து அங்கேயே இருந்தவர். மகளை மேல்நிலைப் படிப்புக்கு ஊரில் சேர்த்துவிட்டு, அந்தப் படிப்பு முடியும் வரை மட்டும் மாமியார் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. ஷார்ஜாவில் குடியிருப்போடு இருந்த களத்தில் ஒரு பயிற்சியாளரிடம் முறையாகக் கற்றவர். முழுக்கைச் சட்டை, தலையை இறுக்கிச் சுற்றிய துணி, முதுகில் ராக்கெட் பை. சனிக்கிழமை மட்டும் பஸ் ஏறி, பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்து வருவார்.

முதல் நாள் நான், புதிதாக வந்தவர் ஆயிற்றே என்று மெதுவாகத்தான் தொடங்கினேன். நான்கைந்து பந்துக்குப் பிறகு அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வலைக்கருகே வந்தார்.

“அக்கா, அறந்தாங்கியில இருந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்கேன். இதுக்கு நான் எங்க வீட்டுச் செவுத்துலயே அடிச்சிருப்பேன்.”

அடுத்த பந்தை முழுக் கையோடு அடித்தேன். அதைவிட வேகமாக அது திரும்பி வந்தது. அன்று தோற்றுப்போய், வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டிப் போனது ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. ஆட்டம் முடிந்து கைகொடுக்கும்போது, “ரொம்ப நல்லா ஆடுனீங்க” என்று சொன்னேன். அவர் என் கையை விடவில்லை.

“அது செல்லாதுக்கா. எது நல்லா இருந்துச்சுன்னு சொல்லணும்.”

அவருடைய பயிற்சியாளர் வைத்த வழக்கமாம். தோற்றவர், ஜெயித்தவர் அடித்ததில் ஏதாவது ஓர் அடியைச் சொல்ல வேண்டும். பொதுவாகச் சொன்னால் கணக்கில் வராது. எப்போது அடித்தது, எங்கே விழுந்தது, தன்னால் ஏன் எடுக்க முடியவில்லை என்று சொல்ல வேண்டும். ஜெயித்தவர் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். பதிலுக்குத் தோற்றவரைப் பாராட்டக் கூடாது. பாராட்டினால் அது ஆறுதல் ஆகிவிடும், ஆறுதல் வாங்குவதற்கா ஆடுகிறோம் என்று கேட்டாராம் அந்தப் பயிற்சியாளர்.

அதுவரை நான் தொலைக்காட்சியில் பெரிய போட்டிகளின் பரிசளிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அங்கே தோற்றவரைத்தான் முதலில் பேச விடுவார்கள். சற்று முன் வாழ்க்கையின் மிகப் பெரிய வாய்ப்பைக் கைவிட்டவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து எதிராளியைப் பாராட்டுவார். மேலாளர் எழுதிக் கொடுத்த வாசகம் என்றுதான் நினைத்திருந்தேன். கூட்டங்களில் நன்றியுரை கேட்டுக் கேட்டு எனக்கு வந்த புத்தி அது. அவர் சொன்ன பிறகு அந்தப் பேச்சுகளைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பக் கேட்டேன். வாசகங்களுக்கு நடுவே ஏதோ ஓர் இடத்தில் அவர்கள் குறிப்பாகப் பேசுகிறார்கள். அந்த நேரத்தில் நீ அப்படிச் செய்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்கிறார்கள். அதைச் சொல்லும்போது கூட்டத்தைப் பார்ப்பதில்லை, எதிராளியைத்தான் பார்க்கிறார்கள். என் தொழிலில் யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று கவனிப்பது பழக்கம். இதை மட்டும் எப்படியோ தவறவிட்டிருக்கிறேன்.

சனிக்கிழமைகள் ஓடின. ஒவ்வொரு வாரமும் நான்தான் தோற்பேன், நான்தான் ஓர் அடியைச் சொல்வேன். வேப்பமர நிழல் விழும் மூலையில் போட்ட சர்வீஸ். நான் வலப்பக்கம் சாய்ந்ததைப் பார்த்துவிட்டு இடப்பக்கம் தள்ளிய பந்து. அவர் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொள்வார். பிறகு, “அடுத்த சனிக்கெழமை வாரேன்க்கா” என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நோன்பு மாதத்திலும் வருவார். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு ஆடிவிட்டு, நோன்பு திறக்க டவுனில் உறவினர் வீட்டுக்குப் போவார். அவர் முன்னால் தண்ணீர் குடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பாட்டிலைப் பையிலேயே வைத்திருந்தேன். அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

“நீங்க குடிங்கக்கா. தண்ணி குடிச்சாவாச்சும் ஒங்க ரெண்டாவது சர்வீஸ் உள்ள விழுதான்னு பாப்போம்.”

மெல்ல மெல்ல எனக்குள் ஓர் ஏக்கம் வளர்ந்தது. கோப்பை, பேர் எதுவும் இல்லை. இவரை ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால்தான் இவர் வாயால் என் ஆட்டத்தில் ஓர் அடியைச் சொல்வார். இத்தனை வாரத்தில் என் பந்துகளை வேறு யாரையும்விட அதிகமாகப் பார்த்தவர் அவர். எதை அவரால் எடுக்க முடியவில்லை, எதைக் கண்டு ஒரு நொடி தயங்கினார் என்று அவருக்குத்தான் தெரியும். கிளப் ஆண்களின் கைதட்டல் எதற்கும் பதில் சொன்னதில்லை. இவர் சொன்னால் அது உண்மையாக இருக்கும். பக்கத்திலேயே இருந்தும் இரண்டு வருடம் எனக்குக் கிடைக்காத ஒன்று.

மகளின் தேர்வு முடிந்தது. விமான டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் கிளப் தலைவரான டாக்டர், முதல் தடவையாகப் பெண்களுக்கு ஒரு போட்டி வைத்தார். கல்லூரி மாணவிகள் சிலர் சேர்ந்தார்கள். நாங்கள் இருவரும் இறுதிக்கு வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. எனக்கு அது ஒன்றுதான் மிச்சமிருந்த சனிக்கிழமை.

டாக்டர் மைக் செட்டுக்குச் சொல்ல, செட்டோடு ஜல்லிக்கட்டு வர்ணனையாளர் ஒருவரும் வந்துவிட்டார். டென்னிஸ் தெரியாது, அதற்காக அவர் சும்மா இருக்கவில்லை. நான் ஓடி ஒரு பந்தை எடுத்தால், “இங்கிட்டு நின்ன அக்கா அங்கிட்டுப் போயிட்டாங்க பாரு” என்பார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அதெல்லாம் தூரத்தில் கேட்டது.

முதல் செட் அவருக்கு. இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் நான் முன்னால் போனேன். ஒரு கட்டத்தில் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் என்னுடையது என்ற நிலை. வர்ணனையாளருக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். “அக்கா கையில திமிலு மாட்டிருச்சு” என்றார்.

சர்வீஸ் போட்டேன். பந்து குட்டையாகத் திரும்பி வந்தது. கோட்டை ஒட்டி ஆழமாக அடித்துவிட்டு வலைக்கு ஓடினேன். இரண்டு வருடமாக நான் மனத்துக்குள் ஆடிப் பார்த்த கடைசிப் புள்ளி அதுதான். அவர் எட்டிப் பிடிப்பதே கஷ்டம். எட்டிவிட்டார். பலமாக அடிக்கவில்லை. ராக்கெட்டைக் கீழிருந்து தூக்கி, பந்தை என் தலைக்கு மேல் அனுப்பினார். நின்ற இடத்திலேயே அண்ணாந்து பார்த்தேன். அது போய்ப் பின்கோட்டில் விழுந்தது.

எங்கள் தரையில் பந்து விழுந்த இடம் தடம் காட்டும். நடுவர் கிடையாது. என் பக்கம் விழுந்த பந்தை நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். போய்க் குனிந்து பார்த்தேன். கோட்டுச் சுண்ணாம்பில் பாதி, செம்மண்ணில் பாதி. கோட்டைத் தொட்டாலே உள்ளேதான். கையை இறக்கி உள்ளே என்று காட்டினேன். அதற்குப் பிறகு நான் எடுத்த புள்ளிகள் சொற்பம். அவர் சமன் செய்தார், முந்தினார், ஜெயித்தார்.

வலையில் கைகொடுத்தோம். வழக்கம்போல நான் அடியைச் சொல்வதற்கு முன்பே டாக்டர் வர்ணனையாளரை மைக்கோடு அழைத்து வந்துவிட்டார். டிவியில் செய்வது போலத்தான் செய்ய வேண்டும், தோற்றவர் முதலில் பேச வேண்டும் என்பது அவர் பிடிவாதம். வர்ணனையாளர் மைக்கை என்னிடம் நீட்டும்போது அதைக் கையால் மூடிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: “தப்பா நெனைக்காதீங்க மேடம். புடிபட்டுப் புடிமாடாப் போனாலும் நல்ல மாடுன்னு சொல்லித்தான் நாங்க அனுப்புவோம்.”

பத்திரிகையாளர் சந்திப்புகளில் எத்தனையோ பேர் முன்னால் மைக்கை நீட்டியிருக்கிறேன். என் முன்னால் அது வந்தது அதுதான் முதல் தடவை. கூட்டத்தைப் பார்த்தேன். எல்லா முகத்திலும் ஐயோ பாவம் இருந்தது. பிறகு என் எதிராளியைப் பார்த்தேன். அவர் முகத்தில் அது இல்லை. நான் எதை இழந்தேன் என்று அங்கே சரியாகத் தெரிந்த ஒரே ஆள், அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவர்தான். தொலைக்காட்சியில் தோற்றவர்கள் ஏன் எதிராளியையே பார்க்கிறார்கள் என்பது அந்த இடத்தில் விளங்கியது.

“இவங்க வர்றதுக்கு முன்னாடி இந்த கிளப்புல நான் தோத்ததே இல்ல” என்று ஆரம்பித்தேன். “ஏன்னா, அதுவரைக்கும் என்கூட யாரும் நெசமா ஆடுனதில்ல.” ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்து, பாதியில் நின்றது. பிறகு அடியைச் சொன்னேன். ஒரே புள்ளி பாக்கி இருந்தபோது, நான் வலைக்கு வந்துவிட்டதைப் பார்த்து, தலைக்கு மேல் தூக்கிப் போட்ட பந்து. சுண்ணாம்பில் பாதி, மண்ணில் பாதி. அந்த நேரத்தில் நானாக இருந்தால் பயந்துபோய் வேகமாக அடித்திருப்பேன், அவர் மெதுவாக அடித்தார் என்றேன். அவர் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார்.

அடுத்து மைக் அவரிடம் போனது. மேடைப் பழக்கம் இல்லாதவர். டாக்டருக்கும் கிளப்புக்கும் நன்றி சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அக்கா ஆட்டத்துல ஒரு அடி இருக்கு. ரெண்டு வருசமா எனக்கு அது புடிபடல. இன்னைக்கும் புடிபடல.” கொஞ்சம் நிறுத்தினார். “எதுன்னு நான் இப்பச் சொல்ல மாட்டேன். செயிச்சுக் கேட்டுக்கங்கக்கா.”

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். கிளம்பும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டு, “வாரேன்க்கா” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் செய்தி எழுத உட்கார்ந்தேன். விளையாட்டுச் செய்திக்கென்று எங்களிடம் தயாராக ஒரு சொல் உண்டு: வீழ்த்தினார். எத்தனை பேருக்கு அதை எழுதியிருக்கிறேன். அன்று என் பேருக்கும் எழுதினேன். படித்துப் பார்த்தேன். நான் விழுந்தது போல எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் நான்கு வரிக்குள் வேறு எதையும் வைக்க இடமில்லை. செய்திப் பிரிவிலிருந்து கூப்பிட்டு, இந்தப் பேர் நீங்கதானா என்று கேட்டார்கள். நான்தான் என்றேன்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக அவர் ஊருக்கு வந்தார். ஐப்பசி. நான்கு நாளாக விடாத மழை. மறுநாள் விமானம். இருந்தும் அறந்தாங்கியிலிருந்து ராக்கெட் பையோடு வந்திருந்தார். என் தோளிலும் ராக்கெட் இருந்தது. களத்தில் கணுக்கால் அளவு செந்நீர் நின்றது. கோடுகள் கரைந்துவிட்டிருந்தன. இருவரும் வேலி ஓரமாக ஒரே குடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இது காய எத்தன நாளாகும்க்கா?”

மழை விட்டால் ஒரு வாரம் என்றேன். அவர் தலையாட்டினார். எந்த அடி என்று கேட்டிருந்தால் அப்போதாவது சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. அவரும், கேட்கவில்லையே என்று என்னைப் பார்க்கவில்லை.

இப்போது மாணவிகள் நாலைந்து பேர் கிளப்புக்கு வருகிறார்கள். முழுக் கையோடு அடிக்கிறார்கள், சில நாள் என்னைத் தோற்கடிக்கவும் செய்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் சனிக்கிழமை மாலை, வெளியே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டால் இன்றும் ஒரு தடவை வாசலைப் பார்க்கிறேன். அவருக்குப் பிடிபடாத அந்த அடி எதுவென்று தெரியாததால், ராக்கெட்டிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பந்தையும் இதுவாக இருக்கலாம் என்ற நினைப்போடுதான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.