கலண்டர் மட்டையில் வெட்டிய கஸ்கற்

எங்களுடைய கார் வெடிக்கத் தொடங்கியபோது எனக்கு எட்டாம் மாதம். வெடிப்பது என்றால் குண்டு அல்ல. ஓடிக்கொண்டிருக்கையில் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குள் இருந்து டமார் என்று ஒரு சத்தம் வரும். வேறு காலமாக இருந்தால் ஊர்ச்சனம் சிரித்திருக்கும். அப்போது முதல் வெடிக்கே பக்கத்து வளவில் மாடு கட்டிக்கொண்டு நின்றவர் குப்புற விழுந்துவிட்டார். எழும்பி வந்து என் கணவரை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

யுத்தத்துக்குப் பயந்து புங்குடுதீவில் முக்கால்வாசி வீடுகள் பூட்டிக் கிடந்த காலம். போக வசதி உள்ளவர்கள் போய்விட்டார்கள். எங்களுக்குப் போக இடமும் இல்லை, தெம்பும் இல்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தெற்கே எங்கள் கடை எரிந்தபோது என் கணவர் உடுத்த சாரத்தோடு ஓடிவந்த கார்தான் எங்கள் சொத்து. கடையில் மிஞ்சியது அது ஒன்றுதான் என்பார். கொஞ்சம் யோசித்து, கலண்டர்களும் என்பார். வருசா வருசம் ஊராருக்குக் கொடுக்கவென்று கடையில் அச்சடித்து அனுப்பிய சாமிப்படக் கலண்டர்கள் ஒரு கட்டு வீட்டில் மிஞ்சிக் கிடந்தன. சாமி படத்தை எரிக்கவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. ஆகவே அவை அலுமாரிக்கு மேலேயே தூசி பிடித்துக் கிடந்தன.

எனக்குக் கார் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. முதற்பிள்ளையை வீட்டிலேயே பறிகொடுத்தவள் நான். வலி தொடங்கிய பிறகு வாகனம் தேடி ஓடினார்கள். வாகனம் வந்தபோது பிள்ளை இல்லை. இந்த முறை வயிற்றைத் தடவிப் பார்த்த மருத்துவிச்சி அக்கா, பிள்ளை குறுக்காகக் கிடக்கிறது, வலி கண்ட உடனே ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும், வீட்டில் வைத்திருந்தால் இரண்டு உயிருக்கும் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஊர்காவற்றுறைக்குள் நுழைகிற இடத்தில் நேவியின் சென்றி இருந்தது. மண்மூட்டைகளுக்குப் பின்னால் துவக்கோடு நிற்பார்கள். எந்த வாகனமும் அங்கே வேகத்தைக் குறைத்து நிற்கவேண்டும். வேகத்தைக் குறைப்பது என்றால் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுப்பது. சரியாக அந்த இடத்தில்தான் எங்கள் கார் வெடிக்கும். வெடித்தது எஞ்சினா வேறெதுவுமா என்று மண்மூட்டைக்குப் பின்னால் நிற்கிறவன் இறங்கிவந்து விசாரிக்கப் போவதில்லை. இதை நான் ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கார் போகும், காலை எடுப்பார், வெடிக்கும். அதற்குப் பிறகு என்னால் பார்க்க முடியாது.

ஊரில் இருந்த கராஜ்காரர் எப்போதோ வன்னிப் பக்கம் போய்விட்டார். என் கணவர் கடையில் அரிசி பருப்பு விற்றவர். எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கராஜ்காரரோடு நின்று பார்த்ததுதான். ஒரு ரியூப்பின் நுனியைக் காதில் வைத்து, மற்ற நுனியை எஞ்சின் முழுவதும் கொண்டுபோய்க் கேட்டார். காற்றும் எண்ணெயும் உள்ளே போகிற மனிபோல்ட் குழாய் எஞ்சினோடு பொருந்துகிற இடத்தில் உஸ் என்று காற்றை இழுத்தது. அந்தப் பொருத்துக்கு நடுவே இருக்கிற கஸ்கற் மட்டை இற்றுப்போய்விட்டது, வேண்டாத காற்று அதற்குள்ளால் போய்த்தான் வெடிக்கிறது என்றார். பெற்றோல் இல்லாத காலம். எல்லாக் காரும் மண்ணெண்ணெயில்தான் ஓடின, கிளப்புவதற்கு மட்டும் சொட்டுப் பெற்றோல். மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சினுக்கு இந்த ஓட்டையும் சேர்ந்தால் பேய்க்குக் கள்ளு வார்த்தது போலத்தான்.

கடையில் புதுக் கஸ்கற் வாங்கலாம் என்பது அப்போது பகிடிக் கதை. அவர் ஆணிகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வொரு ஆணியும் கிரீச்சிடும்போது அது முறிந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தேன். பழைய மட்டையைப் பிச்சுவாக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட்டார். எங்கள் ஊரில் எதற்கும் சைக்கிள் ரியூப்தான் மருந்து. அடுத்தநாள் கழற்றிப் பார்த்தால், மண்ணெண்ணெய் குடித்து ஊறப்போட்ட உளுந்து மாதிரி ஊதிக் கிடந்தது.

பிறகுதான் அவருடைய கண் அலுமாரிக்கு மேலே போனது. கலண்டர் மட்டை நல்ல தடிப்பு, மேலே வார்னிஷ் வேறு. முருகனும் வள்ளி தெய்வானையும் மயிலும் மட்டை முழுவதும் நிற்கிறார்கள். அவர் அதைக் கவிழ்த்துப்போட்டுப் பென்சிலால் வரையத் தொடங்கியதும் நான் குசினியில் இருந்து ஓடிவந்து மட்டையில் கையை வைத்துக்கொண்டேன்.

"வயித்தில பிள்ளை இருக்கேக்க சாமி படத்தில கத்தி வைக்காதையுங்கோ."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "அப்ப எதில வெட்டச் சொல்லுறீர்?" என்றார்.

படத்துக்குக் கீழே, கடைப்பெயர் அச்சடித்திருந்த வெள்ளைக் கரையைக் காட்டினேன். அதில் சாமி இல்லை. அவர் அளந்து பார்த்தார். குழாயின் துளையைச் சுற்றி ஒரே துண்டாக வெட்ட அகலம் காணாது. மேல்பாதி ஒன்று, கீழ்பாதி ஒன்று என்று இரண்டாக வெட்டிப் பொருத்த வேண்டும். இரண்டு துண்டு என்றால் நடுவில் பொருத்து வரும், பொருத்துக்குள்ளால் காற்றுப் போகும், பிறகு இவ்வளவு பாடும் வீண் என்று எனக்கு விளக்கினார். எனக்கு விளங்கியது. ஆனாலும் முருகனுடைய காலை வெட்டிவிட்டு, குறுக்காகக் கிடக்கிற பிள்ளையைப் பெறப் போக என்னால் முடியவில்லை. சென்றிக்குப் பயந்ததில் பாதியளவு சாமிக்கும் பயந்தேன். அவரும் பயந்தார் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் என் பேச்சைக் கேட்கிற மனிதர் இல்லை. கடைப்பெயரை வெட்டினார். பொருத்துகளில் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைக் குழைத்துத் தடவினார். சவர்க்காரம் மண்ணெண்ணெயில் கரையாது என்று கராஜ்காரர் சொல்லக் கேட்டிருந்தாராம். தலைக்கு வைக்கவே சவர்க்காரம் கிடைக்காத நாளில் பாதிக் கட்டி அதற்குப் போனது.

முற்றத்தில் கிளப்பிப் பார்த்தபோது வெடிக்கவில்லை. ரோட்டில் ஓட்டிப் பார்க்க மண்ணெண்ணெய் மிச்சம் இல்லை. இருந்தது போய்வருவதற்குத்தான் காணும். ஆகவே அந்த மட்டை தாங்குமா என்பது சென்றியடியில்தான் தெரியும் என்றானது. இதைவிட மோசமான பரீட்சை நான் எழுதியதில்லை.

ஒரு காலையில் வலி வந்தது. பின்சீற்றில் சரிந்து படுத்தேன். பாலத்தில் ஏறி, இரண்டு பக்கமும் கடல் தெரிகிற இடத்தில் எஞ்சின் ஒருமுறை செருமியது. வெடி இல்லை, செருமல். என் கணவரின் கழுத்தில் வியர்வை ஓடியதைப் பின்னால் இருந்து பார்த்தேன். அவர் திரும்பவில்லை. எனக்கு வலியைவிட அந்தச் செருமல்தான் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு வேலணை வழியெல்லாம் வலி வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சென்றிக்கு முன்னால், ஓட்டுகிறவரைத் தவிர மற்றவர்கள் இறங்கி நடக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். கார் பின்னால் ஊர்ந்து வந்தது. துவக்கோடு நின்றவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. அவனும் பயந்துபோய்த்தான் நின்றான், அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பின்னால் அவர் காலை எடுத்தது கேட்டது. எஞ்சின் இறங்கியது. முதுகு முழுவதும் காதாக நின்றேன். ஒன்றும் இல்லை. கையைக் காட்டிப் போகச் சொன்னான்.

வார்ட்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். இருட்ட முன்னர் வாகனங்கள் சென்றியைத் தாண்டிவிட வேண்டும் என்பதும் சட்டம். வாசலில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் போகும்போது காரைக் கிளப்பவேண்டாம், சென்றி தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போங்கள் என்றேன். மட்டை ஒருமுறை தாங்கியது போதும். ஓம் என்றார். எதற்கும் ஓம் என்கிற மனிதர் அவர்; அதனால் எனக்கு அந்த ஓமில் நம்பிக்கை இல்லை.

பொழுதுபடுகிற நேரம், நான் பிரசவக் கட்டிலில் கிடக்கையில், சென்றிப் பக்கத்தில் டமார் என்றது.

வார்ட்டில் எல்லோரும் கட்டிலுக்குக் கீழே போனார்கள். என் தலைமாட்டில் நின்ற நேர்ஸ் குந்திக்கொண்டாள். எனக்குக் கீழே போக வழியில்லை. கிளப்பிவிட்டார், என் பேச்சைக் கேட்கவில்லை, மட்டை பிரிந்துவிட்டது என்று நினைத்தேன். முதல் வெடி கார் என்றால் அடுத்த வெடி துவக்கு. அடுத்த வெடிக்காகக் காத்துக்கொண்டு கிடந்தேன். அது வரவில்லை. எவ்வளவோ நேரம் வரவில்லை. ஒரு வெடியோடு நின்றதென்றால் அவர்கள் சுடவில்லை, அவர் உயிரோடு இருக்கிறார் என்று முடிவுகட்டினேன். அந்த முடிவைப் பிடித்துக்கொண்டுதான் பெற்றேன். எப்படியோ பிள்ளை திரும்பியிருந்தது. பெண்பிள்ளை, பிறந்ததும் கத்தினாள்.

காலையில் அவர் கசங்கிய சேட்டோடு வார்ட் வாசலில் நின்றார். ஏன் காரைக் கிளப்பினீர்கள் என்று ஏசத் தொடங்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, தான் போகவே இல்லை என்றார். என்னை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் ஆஸ்பத்திரி மதிலோடு காரை விட்டு, அதற்குள்ளேயே படுத்திருந்தாராம்.

"அப்ப அந்தச் சத்தம்?"

அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "துவக்குத்தான். சைக்கிளில வந்த ஒருத்தர். நிக்கச் சொன்னது கேக்கேல்லையாம்."

ஒரு வெடிதான். சைக்கிளில் வந்தவருக்கு அது போதுமாக இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெடித்தது எங்கள் கார் இல்லை, செத்தது என்னுடைய மனிதர் இல்லை என்ற நிம்மதி உடம்பெல்லாம் பரவியது, அந்த நிமிசத்தில் பால் சுரந்தது. பிள்ளை குடிக்கத் தொடங்கினாள். அந்த ஆளுக்கு வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை, என் கணவரும் சொல்லவில்லை. சென்றியை நினைத்தால் எனக்கு இப்போது பயம் வருவதில்லை. அந்த நிம்மதியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.