அம்மா மொட்டை போட்ட தைப்பூசம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, சாமிக்கு எது செல்லும், எது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் என்னிடம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் முதல் பரிசு வாங்கியவள் சும்மா இருப்பாளா? ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருந்த பிளாட்டில் யார் வீட்டு விளக்கு எந்தத் திசை பார்த்து எரிகிறது என்பதுவரை கவனித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அத்தனையும் கவனித்த எனக்கு, அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்ததும், ஒரு பக்கத்தை அறுத்து எடுத்ததும் தெரியாமலே போனது.

தெரியாமல் போகும்படி அம்மா பார்த்துக்கொண்டாள். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். அவருக்கே அறுவை முடிந்த பிறகுதான் சொன்னாளாம். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், பிறை ஊர்த் தொழிற்சாலையில் ஓவர்டைம் என்று சொல்லி என்னை ஆயர் ஈத்தாமில் சித்தி வீட்டில் விட்டுவிட்டாள். பக்கத்தில் விஷயம் தெரிந்தவள் அந்தச் சித்தி ஒருத்திதான். பிளாட்டில் தெரிந்தால் முதல் நாள் பழமும் பிஸ்கட்டும் வரும், மறுநாள் ‘ஐயோ பாவம்’ வரும், அதற்கடுத்த நாள் அது என் காதுக்கு வரும் என்று அம்மா பயந்தாள்.

மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் முடி உதிர்ந்தது. அதை எப்படி மறைப்பது? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, “ஜலதோஷம்லா” என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் குழாயைத் திறந்து விட்டிருப்பாள். நான் வெளியே நின்று, “தண்ணி வீணாகுதும்மா” என்று கத்துவேன்.

அந்த நேரத்தில்தான் தைப்பூசம் வந்தது. தண்ணீர்மலைக் கோயிலில் மொட்டை போட வேண்டுதல் என்று அம்மா பிளாட் முழுக்கச் சொல்லிவிட்டாள். கூட்டத்துக்குள் போகவே கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தாராம். சித்தி போனில் அழுது சண்டை போட்டாளாம். அம்மா தேறி, முடி தோளைத் தாண்டி வளர்ந்து, நானும் வேலைக்குப் போன பிறகு சித்தி சொன்ன கதை இது. அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. எங்கள் மாடியில் சாமிக்கு முடி கொடுக்கிற பொம்பளை வேறு யார் இருக்கிறார்கள்?

மலையடிவாரத்துக் கொட்டகையில் முடி இறக்கினார்கள். வரிசையில் எங்களுக்கு அடுத்து, பிள்ளைக்கு முதல் மொட்டை போட வந்த கீழ்வீட்டு அக்கா நின்றிருந்தாள். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டை அவிழ்க்காமலே முடிவெட்டுகிறவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணே, கத்தி வேணாம். மெஷின் போடுங்க.”

கத்தி கீறி அந்தக் கீறல் வழியே கிருமி போனால், மருந்து ஏறிய அந்த உடம்பு தாங்காது. நான் அதை எங்கே கண்டேன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மெஷின்ல எடுத்தா அது மொட்டையே இல்லம்மா. சாமி ஏத்துக்காது!” கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

“அதானே அக்கா, சாமி காரியம்லா” என்று கீழ்வீட்டு அக்கா என்னோடு சேர்ந்துகொண்டாள். “இவ்ளோ தூரம் வந்துட்டு என்ன பயம்?”

“பாப்பா சொல்றதுதான் சரி. புது பிளேடும்மா, ஒண்ணும் ஆகாது” என்றபடி முடிவெட்டுகிறவர் துண்டை உருவினார்.

அம்மா என்னைப் பார்த்தாள். அவர் தண்ணீர் தெளித்துத் தலையைத் தடவினார். இழுக்கவில்லை, பிடுங்கவில்லை, முடி அவர் கையோடு வந்துவிட்டது. அவருக்கு முரட்டுக் கை என்று நான் நினைத்தேன். அவர் கையை அப்படியே மூடி வாளிக்குள் விட்டார். பிறகு கீழ்வீட்டு அக்காவுக்கு முதுகைக் காட்டி, அம்மாவை மறைத்தபடி நின்றுகொண்டு மெஷினை எடுத்தார்.

“சாமிக்கு ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா.”

“இப்பதானே நான் சொன்னது சரின்னீங்க?”

“பேசாம நில்லு” என்றார். அடேயப்பா, எனக்கு வந்த கோபம்!

வெளியே சாலையோரம் எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைகள். அம்மா துண்டை மறுபடி கட்டவில்லை, பைக்குள் வைத்துவிட்டாள். முன்பின் தெரியாத இரண்டு மொட்டைப் பொம்பளைகளுக்கு நடுவில் நடைபாதை விளிம்பில் போய் உட்கார்ந்தாள். அவர்களில் ஒருத்தி, “தலை குளுகுளுன்னு இருக்குலா அக்கா?” என்று கேட்டாள். அம்மா சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

“போலாம்மா, கால் வலிக்குது.”

“இரு, இன்னும் கொஞ்ச நேரம்.”

காவடிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறிப் போயின. வெயில் உச்சிக்கு வந்தது. பக்கத்திலிருந்த பொம்பளைகளும் எழுந்து போய்விட்டார்கள். அம்மா மட்டும் அசையவில்லை.

“இன்னும் என்னதான் பாக்குறீங்க?”

“ஒண்ணும் பாக்கலடி. சும்மா உட்கார்ந்திருக்கேன்.”

அம்மாவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிளாட்டுக்குத் திரும்பினால் அத்தனை மாடிக்கும் அவள் ஒருத்திதான் மொட்டைப் பொம்பளை. கீழ்வீட்டுப் பிள்ளைக்கு முடி முளைத்துச் சீவிவிடும் நாளிலும் அவளுக்கு முளைத்திருக்காது. அப்போது ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பார்கள். இங்கே, இத்தனை ஜனத்தில், அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும்? பஸ் போய்விடும் என்று அவள் கையைப் பிடித்து எழுப்பி, வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.