‘வேண்டாதவை’ என்றொரு ஃபோல்டர்

அலுவலகத்தில் அவருக்குக் ‘கருத்து’ என்று பெயர். குடிநீர் வாரியத்தில் கசிவு பிடிக்கிற வேலை. தரையில் ஒரு கருவியை வைத்து, காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார். மூன்றடி ஆழத்தில் கிடக்கிற குழாயில் ஊசித்துளை விழுந்திருந்தாலும் அவர் காதுக்குத் தப்பாது. “இங்க தோண்டுங்கப்பா” என்று காலால் கோடு போட்டால் அங்கே தண்ணீர் இருக்கும். பதினெட்டு வருஷத்தில் நாலைந்து தடவைதான் ஏமாந்திருக்கிறார். அந்தக் காது கொடுத்த தைரியத்தில் உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றைப் பற்றியும் கருத்துச் சொல்ல ஆரம்பித்தவர், இன்றுவரை நிறுத்தவில்லை.

யாராவது புது ஃபோன் வாங்கிவிட்டு அவர் கண்ணில் பட்டால் தொலைந்தார்கள். “நாலு கேமரா எதுக்கு? எடுக்கப்போறது சாப்பாட்டுத் தட்டை” என்பார். நாடித்துடிப்பு எண்ணுகிற கைக்கடிகாரத்தைக் காட்டினால், “மணி சரியா காட்டுதா, அதைச் சொல்லு” என்பார். வயர் இல்லாத இயர்போனில் பாட்டுக் கேட்பது ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி என்பது அவர் கண்டுபிடிப்பு. மனைவி சமையலறையில் ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பாட்டுப் போட்டால், “அது பாட்டே இல்ல, சக்கை. சாறையெல்லாம் பிழிஞ்சுட்டுத்தான் சின்ன ஃபைலாக்கித் தர்றான்” என்று வாசலில் நின்று பாடம் நடத்துவார். “சக்கையோ சாறோ, எனக்குச் சப்பாத்தி உருளுது. நகருங்க” என்பாள் அவள். இதையெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் வைத்து எழுதவும் செய்தார். அதையும் நானூறு பேர் படித்தார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கருத்து, இணையத்தில் சேமித்து வைப்பதைப் பற்றியது. “அது அடுத்தவன் வீட்டு பீரோ. சாவி அவன்கிட்ட இருக்கு. நம்ம பொருள் நம்ம வீட்ல இருக்கணும்.” இந்த ஒரு கருத்தை அவர் அக்கா அப்படியே நம்பினாள். ஃபோனில் இருப்பது தானாகவே இணையத்துக்கு ஏறிவிடும் என்று தம்பி சொன்னதால், தான் பாடித் தன் ஃபோனில் வைத்திருந்த பாட்டுகளையும் இணையத்தில் ஏற்றியிருந்ததையும் ஒன்றுவிடாமல் அழித்தாள்.

அக்கா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மேடையில் பாடியவள் இல்லை. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தனக்காகப் பாடிக்கொள்கிறவள். தவறவிட்ட பேருந்தைப் பற்றி ஒரு பாட்டு, துணி காய்கிற கொடியைப் பற்றி ஒன்று, கோபித்துக்கொண்டு பேசாத புருஷனைப் பற்றி மூன்று. மொத்தம் நாற்பத்தொன்று. எதற்கும் ஸ்வரம் எழுதி வைக்கவில்லை. மெட்டெல்லாம் தலையிலும் தொண்டையிலும்தான் இருந்தது. இரண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், தம்பி வீட்டுப் பின்னறையில் சுவரெல்லாம் போர்வையைத் தொங்கவிட்டு அவர்தான் பதிவு செய்தார்.

அப்புறம் தொண்டையில் கட்டி. மூன்று மாதத்துக்கு முன்னால் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான் மூச்சு. “ரெண்டு மாசமா குரல் கம்மியிருந்துச்சு” என்று முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அக்கா சொன்னபோது டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். “இன்னும் ஆறேழு மாசம் முன்னாடி வந்திருந்தா குரலைக் காப்பாத்தியிருக்கலாம்மா.” அப்போது அவரும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். எல்லாரையும் போலத் தலைவிதியை நொந்துகொண்டார்.

அதன்பிறகு அக்கா பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. நேற்றுச் சாயங்காலம்தான் ஃபோனில் செய்தி வந்தது. ‘நாளைக்கு நாலு மணிக்கு வர்றேன். எல்லாப் பாட்டையும் கேக்கணும். இப்பதான் தைரியம் வந்திருக்கு.’

அதனால்தான் இன்று காலை பத்தரை மணிக்கு அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். அதில் பாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பாட்டுகளின் இரண்டாம் பிரதி இருந்த டிஸ்க் போன மாதம் உயிரை விட்டிருந்தது. புதிது ஒன்று வாங்கி வைத்திருந்தார். அக்கா போகும்போது அவள் கையிலேயே ஒரு பிரதியைக் கொடுத்தனுப்பலாம் என்று நினைத்தார். இடப்பக்கம் இருப்பதை வலப்பக்கத்துக்கு அப்படியே நகலெடுக்கிற ஒரு புரோகிராம் வைத்திருந்தார். இடப்பக்கத்தில் இல்லாத எதுவும் வலப்பக்கத்தில் மிஞ்சாது. அவ்வளவு கறார். பாட்டுகளின் முதல் பிரதி இருந்த டிஸ்குக்கு ‘அக்கா’ என்று பெயர். ஒழுங்காக இருக்கட்டும் என்று புதியதற்கும் ‘அக்கா’ என்றே வைத்தார். திரையில் இரண்டு அக்கா. காலியாக இருந்த அக்காவை இடப்பக்கம் போட்டார்.

‘வலப்பக்கத்தில் உள்ள ஃபைல்கள் நீக்கப்படும். சம்மதமா?’ என்று அது கேட்கத்தான் செய்தது. இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்பது அவர் கருத்து. படிக்காமலே ‘சரி’யை அழுத்தினார்.

நகலெடுக்க அரைமணி ஆக வேண்டிய வேலை பத்து நொடியில் முடிந்தது. என்ன இவ்வளவு வேகம் என்று ஒரு கணம் மகிழ்ந்துகூடப் போனார் மனுஷன். அப்புறம்தான் டிஸ்கைத் திறந்தார்.

பாட்டு என்ற ஃபோல்டர் காலி. உள்ளே போய்ப் பார்த்தார், வெளியே வந்து பார்த்தார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தார். காலி.

“ஏங்க, உள்ள சத்தமே இல்லையே. உடம்பு சரியில்லையா?” மனைவி கதவருகில் நின்றாள்.

“அப்டேட் ஓடுது” என்றார்.

அழிந்ததை மீட்கிற புரோகிராமை ஓடவிட்டார். ஒரு சதவீதம். பன்னிரண்டு மணிக்குப் பதினெட்டு சதவீதம். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அந்தப் பச்சைப் பட்டை மயிரிழை மயிரிழையாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவிடம் என்ன சொல்வது? அவளிடம் மிச்சம் இருந்ததே இதுதானே.

இரண்டரை மணிக்குப் பட்டியல் வந்தது. நாற்பத்தொரு பாட்டும் பெயரோடு, அளவோடு, அச்சு மாறாமல் நின்றன. “அம்மாடி!” என்று வாய்விட்டே கத்திவிட்டார். முதல் பாட்டைப் போட்டார். திரையில் கோடு நேராக ஓடியது. சத்தம் இல்லை. ஒலியைக் கூட்டினார். அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாம் மௌனம்.

காரணம் அவருக்குத் தெரியும். சுழல்கிற பழைய டிஸ்க் முனகும், பதிவில் விழும் என்று சத்தமே போடாத நவீன டிஸ்குக்குத்தான் பாட்டுகளை மாற்றி வைத்திருந்தார். அழித்த இடத்தைத் தானாகவே சுத்தமாகத் துடைத்து வைக்கிற டிஸ்க் அது. அந்தச் சமர்த்தைப் பாராட்டி அவரே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்.

மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

“அண்ணி ஃபோன்ல இருந்ததையும் அழிக்கச் சொன்னது நீங்கதானே?”

“ஆமா.”

“ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணத் தெரியுது. ஒரு கேள்வியைப் படிச்சுட்டு அழுத்தத் தெரியலையா?” “ஆசையா கிளம்பி வந்துட்டு இருப்பாங்க. வர வேணாம்னாவது சொல்லுங்க.”

ஃபோனை எடுத்து அக்கா எண்ணை அழுத்தப் போனார். அழைத்தால் அவள் எதை வைத்துப் பேசுவாள் என்று அப்போதுதான் உறைத்தது. செய்தி தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார், மறுபடி அழித்தார். மணி மூன்றேகால்.

போக்கிடம் இல்லாத கண் திரையிலேயே அலைந்தபோதுதான் அந்த இன்னொரு ஃபோல்டர் பட்டது. பெயர் ‘வேண்டாதவை’. சரியாக வராத பதிவுகளைத் தள்ளிவைக்கிற இடம். இந்தக் குப்பைக்கு நகல் வேறு ஒரு கேடா என்று, இந்த ஃபோல்டரைத் தொடாதே என புரோகிராமுக்கு எப்போதோ கட்டளை போட்டிருந்தார். அது தொடவில்லை. நகலும் எடுக்கவில்லை, அழிக்கவும் இல்லை.

ஒன்றை அழுத்தினார். பேருந்துப் பாட்டு. அக்காவின் குரல் அறை முழுக்க எழுந்தது. நடுவில் ஒரு கதவு கிறீச்சிட்டது. அவ்வளவுதான் அதன் குற்றம். சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். இரண்டு பேரும் நின்றபடியே அழுதார்கள்.

அறுபத்து மூன்று பதிவு. இருபத்தொன்பது பாட்டாவது தேறும். அக்கா வருவதற்குள் வரிசைப்படுத்திவிடலாம் என்று உட்கார்ந்தார். ஏன் தள்ளினோம் என்பதை ஒவ்வொரு ஃபைலின் பெயரிலேயே எழுதி வைப்பது அவர் வழக்கம். நாய். குக்கர். கதவு. சிரிப்பு. மறுபடி நாய். படிக்கப் படிக்கச் சிரிப்புக்கூட வந்தது.

அதற்கப்புறம் ‘கரகரப்பு - மைக்?’ என்று ஒன்று.

‘கரகரப்பு - வேற மைக்.’ ‘கரகரப்பு - வயர் மாத்தியாச்சு.’ ‘கரகரப்பு - மைக்கைத் தள்ளி வெச்சு.’ இப்படிப் பத்தொன்பது. முதலாவதின் தேதியைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாளுக்கு எட்டு மாதம் முந்தியது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். குரலுக்கு அடியில், இழையாக, ஒரு உரசல். அன்றைக்கு அது வேறு யாருக்கும் கேட்டிருக்காது, அக்காவுக்கே கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. கேட்டுவிட்டு மூன்று மைக் மாற்றினார். ‘இந்த மைக்கை வாங்காதீர்கள், பெண் குரலில் கரகரப்பைச் சேர்க்கிறது’ என்று தன் பக்கத்தில் எழுதினார். நாற்பது பேர் நன்றி சொன்னார்கள்.

ரோட்டுக்கு அடியில் கசிவைக் கேட்கிறவனுக்கு அக்கா தொண்டையில் கேட்கத் தெரியவில்லை. பாவி, பாவி என்று நெற்றியில் அறைந்துகொண்டார்.

மணி மூன்று ஐம்பது. பத்தொன்பதையும் தேர்ந்தெடுத்தார். வெறும் எண்களாகப் பெயர் மாற்றினால் போதும், தேதியையும் மறைத்துவிடலாம். இந்த ஜென்மத்தில் யாருக்கும் தெரியாது. ‘19 ஃபைல்களின் பெயர் மாற்றப்படும். சம்மதமா?’

இந்தத் தடவை அவர் கேள்வியைப் படித்தார். திரும்பத் திரும்பப் படித்தார். விரல் ‘சரி’யின் மேலேயே நின்றது. வாசலில் மணி அடித்தது. ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிட்டு எழுந்தார்.

அக்கா கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருந்தாள். பள்ளியிலிருந்து கொண்டுவந்த சின்ன வெள்ளைப் பலகை ஒன்றைத் தோளில் மாட்டியிருந்தாள், கூடவே பேனா. உட்கார்ந்ததும் கண்ணால் கேட்டாள், எங்கே?

“அக்கா, பாட்டு போச்சு. நான்தான் அழிச்சேன். தெரியாம அழிச்சுட்டேன்.”

அவள் பலகையை மடியில் வைத்தாள். எழுதினாள். ‘எல்லாமா?’

“நல்லதெல்லாம் போச்சு. வேணாம்னு ஒதுக்கினது மட்டும் இருக்கு.”

‘சிரிப்பு’ என்பதைப் போட்டார். பாட்டின் நடுவே அக்கா அடக்கமாட்டாமல் சிரித்து, “போதும்டா, அந்த நாயைப் பாட விடு” என்றாள். நாற்காலியில் இருந்த அக்காவின் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரித்தாள், கண்ணீர் வழிந்தது. மனைவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அக்கா தானே மவுஸை வாங்கிப் பட்டியலைக் கீழே உருட்டினாள். அவர் தடுக்கவில்லை. ஓரிடத்தில் அவள் கை நின்றது.

“தேதியைப் பாருக்கா” என்றார். “ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு எட்டு மாசம் முன்னாடியே எனக்குக் கேட்டுச்சு. மைக்குன்னு நினைச்சுட்டேன். நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தா உன் குரல் உனக்கு இருந்திருக்கும்.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அக்கா மவுஸை விடவில்லை. முதலாவது கரகரப்பை அழுத்தினாள். கொடியில் துணி காய்கிற பாட்டு கடைசிவரை ஓடியது. அவர் எப்போது கேட்டாலும் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடுகிறவர். அக்கா நிறுத்தவில்லை. பதிவில் நாற்காலி நகர்கிற ஓசை, பிறகு அவள் குரல்.

“என்னடா முழிக்கிற? குரல் நல்லா இல்லையா?”

“உனக்கென்ன, நல்லாத்தான் பாடுற. மைக்குதான் சரியில்ல.”

“அப்பாடா. நான் பயந்தே போயிட்டேன்.”

அதோடு பதிவு முடிந்தது.

அக்கா வெகுநேரம் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பலகையை அவர் பக்கம் மட்டும் திருப்பி எழுதினாள்.

‘அன்னைக்குக் காலைல எச்சில்ல ரத்தம் வந்துச்சு. உன் காதுக்கு ஏதாவது பட்டா மறுநாள் டாக்டர்கிட்ட போலாம்னு இருந்தேன்.’

அவர் படித்து முடிக்கிற வரைக்கும் பிடித்திருந்தாள். மனைவியின் காலடி கேட்டதும் எழுதியதைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். ஒரு கையால் அவர் மணிக்கட்டை இறுகப் பற்றி, இன்னொரு கையால் இரண்டே சொல் எழுதினாள்.

‘அடுத்ததைப் போடு.’

போட்டார். அதன் பெயர் ‘கரகரப்பு - வேற மைக்’.