பழைய கூடு ஒன்பது, காலி

என் அக்கா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிறவள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அணுக்களை எண்ணுவாள். லீவு நாளிலாவது சும்மா இருப்பாளா? பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு பைபாஸ் தாண்டிக் குளக்கரைக்குப் போய், தூக்கணாங்குருவிக் கூடுகளை எண்ணுவாள். இரண்டு தடவை நானும் போய் மாட்டிக்கொண்டேன். மஞ்சள் தலையோடு ஒன்று தெரிந்தால் போதும், "நெஞ்சைப் பாருடி, கோடு இருக்கா இல்லையா?" என்று உயிரை எடுப்பாள். கோடு இருந்தால் அது வேறு வகையாம். எனக்கு எல்லாம் ஒரே குருவிதான்.

அந்தக் குளக்கரையில் இரண்டு மரங்கள் மின்கம்பியில் உரசிக்கொண்டிருந்தன. கிளைகளை வெட்டியாக வேண்டும். லைன்மேன் ஈரமுள்ள மனுஷர். முட்டையும் குஞ்சும் இருக்கிற மரத்தில் கை வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"மேடம், எதுல குருவி இருக்கு, எதுல இல்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க. அதுப்படியே செஞ்சுடுறேன்," என்று அக்காவிடம் கேட்டார்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்து, லேப் ரிப்போர்ட் மாதிரியே எழுதிக் கையெழுத்தும் போட்டாள். கிழக்கு மரம்: பச்சைக் கூடு பதிமூன்று, குடியிருக்கின்றன, இரண்டு மாதம் தொடக்கூடாது. மேற்கு மரம்: பழைய கூடு ஒன்பது, காலி, வெட்டலாம்.

வெட்டுகிற அன்று காலை பதினொரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. அக்கா குரலே சரியில்லை.

"வண்டியை எடுத்துட்டு உடனே வாடி. நான் தப்பா எழுதிக் குடுத்துட்டேன்."

போய்ப் பார்த்தால், லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். வண்டியில் ஏறியதும் என் காதருகே கொட்ட ஆரம்பித்தாள்.

"வெள்ளை அணு எண்ணும்போது சிவப்பு கண்ணுல பட்டாலும் எண்ண மாட்டோம்டி. இப்போ எண்ணும்போதுதான் உறைச்சுது, அங்கேயும் அதையேதான் பண்ணியிருக்கேன். அந்தப் பழைய கூட்டுக்குள்ள சில்லை போய் வந்துச்சு. ரெண்டு தடவை பார்த்தேன். தூக்கணாங்குருவி இல்லையேன்னு விட்டுட்டேன்."

"சில்லைன்னா?"

"பழுப்பா, தடிச்ச மூக்கோட இருக்குமே, அந்தக் குட்டிக் குருவி. தூக்கணாங்குருவி விட்டுட்டுப் போன கூட்டுல அது முட்டை வைக்கும். தெரியும்டி எனக்கு. தெரிஞ்சும் காலின்னு எழுதினேன்."

லைன்மேனுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மரத்தின் மேல் இருப்பவர் எப்படி எடுப்பார்? ஒவ்வொரு சிக்னலும் எங்களுக்கென்றே சிவப்பில் நின்றது. அக்காவின் விரல்கள் என் தோளில் அழுந்தி வலித்தன. பச்சை விழுந்ததும் வண்டியை விரட்டினேன். குருவிக்காக இல்லை, இவளுக்காக.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. கூடுகளில் நான்கு இன்னும் மரத்தில் இருந்தன, ஐந்து தரையில் கிடந்தன. அக்கா கத்திய கத்தலில் ரம்பம் நின்றது. கீழே உட்கார்ந்து ஒவ்வொரு கூடாகப் பார்த்தாள். மூன்றில் ஒன்றுமில்லை. நான்காவதில் முட்டை உடைந்து ஈரமாக இருந்தது. ஐந்தாவதில் புல்பூ மெத்தைமேல் மூன்று குஞ்சுகள், உயிரோடு.

"நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்தீங்க?" லைன்மேன் கோபப்படவில்லை. குழம்பிப்போய்க் கேட்டார்.

"நான்தான் அண்ணே. தப்பு முழுக்க என்னோடது."

ரத்தம் எடுக்கும்முன் கையில் கட்டுகிற ரப்பர் பட்டை அவள் கோட்டுப் பையில் இருந்தது. லைன்மேன் அதை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறி, குஞ்சுகளோடு அந்தக் கூட்டை மிச்சமிருந்த கிளையில் கட்டினார். வேலையாட்களைத் தூரமாகப் போகச் சொன்னார். தாய் வந்தால்தான் குஞ்சுகள் பிழைக்கும். சுவரோரம் ஒதுங்கி நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் சில்லை வந்தது. வெட்டிய கிளையின் முனையில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் பார்த்தது. கூடு இரண்டு முழம் தள்ளித்தான் இருந்தது. அதற்குத் தெரியவில்லை. பறந்து போயிற்று. திரும்ப வந்தது. அதே முனை.

லேபிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்கள். லைன்மேன்தான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "மேடம், வேலையை முடிச்சுட்டுக் கம்பியில கரண்ட் விடணும்."

"இன்னும் பத்து நிமிஷம் அண்ணே," என்றாள் அக்கா.

அவள் அப்படிக் கேட்பது அது ஐந்தாவது தடவை.