நான் அழாத அழுகை

போன வாரம் இந்தப் பத்தி வராமலே போயிருக்கும். செல்வி ஏற்காட்டுக்குப் போய்விட்டாள்.

செல்வி என் மருமகள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல அவள் போனில் தட்டுவாள். வார்த்தையின் வாலைக் கொஞ்சம் சீவிவிடுவாள், தலையைத் தொடமாட்டாள்.

“அத்தே, மூணு நாளு போன தொடமாட்டேன். உங்க புள்ளைக்கு லீவு, பசங்களுக்கு லீவு... எனக்கும் லீவு.”

நியாயம்தானே? வாரா வாரம் குக்கர் விசிலுக்கு நடுவில் தட்டுகிறவள்.

என்னையும் கூப்பிட்டார்கள். நான் எங்கே போவது? என் புத்தகம் வந்திருக்கிறது — புத்தகக் கண்காட்சி ஸ்டாலில் வந்து உட்காரச் சொல்லி பதிப்பகத்துத் தம்பி நாலு தடவை போன் பண்ணிவிட்டார். புதுப்புடவை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். என்னோடு செல்ஃபி எடுத்தவர்களில் பாதிப் பேர், பக்கத்து ஸ்டாலில் சமையல் புத்தகம் வாங்கிக்கொண்டு போனார்கள். அதிலும் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் பத்தி? ஆறு மணிக்குள் பத்திரிகை ஆபீசுக்குப் போயாக வேண்டும். வாய்ஸாக அனுப்பினால் அங்கே கேட்டுத் தட்ட ஆள் இல்லை. ஆரம்பித்ததிலிருந்து ஒரு வாரம்கூட விட்டதில்லை நான். நெய்வேலியில் மழை பெய்தாலும் கல்யாணம் வந்தாலும் ஷிப்ட் ஷிப்ட்தான். எனக்கு இது ஷிப்ட்.

பக்கத்து நாற்காலியில் ரஹ்மத் பாய். வடலூரில் ஜவுளிக்கடை, கவிதையும் எழுதுவார். “நீங்க சொல்லுங்கம்மா, நான் தட்டறேன்” என்றார்.

சொன்னேன். சுரங்கத்துக்கு இடம் எடுத்தபோது, கம்மாபுரம் பக்கத்தில் எங்கள் வீட்டைக் காலி செய்த நாளைப் பற்றி.

தட்டி முடித்ததும், “படிங்க பாய்” என்றேன். எழுத்து தெரியாதவளுக்குக் காதுதானே கண்ணாடி?

படித்தார். நடுவில், ‘என் கண்ணீர் பெருகி அந்த மண்ணை நனைத்தது’ என்று வந்தது.

“நில்லுங்க. யாரு அழுதா?”

“நீங்கதாம்மா.”

“நான் எங்க அழுதேன்? ஆட்டுக்கல்லு லாரில ஏறிச்சா, கோழி ஏறிச்சான்னு பாத்துக்கினு நின்னேன். அழுவ நேரம் ஏது?”

“படிக்கறவங்களுக்கு மனசு உருக வேணாமா?”

“அன்னிக்கி எங்கூட லாரி ஏறுன பொம்பளைங்க முத்தாண்டிக்குப்பத்துல இருக்காங்க. பேத்திய வுட்டு படிக்கச் சொல்லிக் கேப்பாங்க. நாளைக்கி பஸ்ஸுல பாத்தா, ஏன்டி பொய்யா அழுதன்னு கேக்க மாட்டாங்களா? கோழிய வைங்க பாய்.”

“நல்ல வரிம்மா அது...”

“நல்ல வரிதான். உங்க புத்தகத்துல போட்டுக்குங்க.”

மணி ஐந்தே முக்கால். செல்ஃபிக்கு வந்தவர்களை அப்படியே நிற்கச் சொன்னேன். கண்ணீர் போயிற்று, கோழி வந்தது. முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆறுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினோம்.

எழுதுகிறவர்கள் சகவாசம் அப்படி. உதவிக்குத்தான் வருகிறார்கள்... வரும்போது அவரவர் அழுகையையும் கையோடு கொண்டுவந்து விடுகிறார்கள்.

கிளம்பும்போது பாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். “என் கவிதை புத்தகத்துக்கு நீங்கதாம்மா முன்னுரை சொல்லணும்.”

“சொல்றேன் பாய். செல்வி வரட்டும்.”