பட்டறைக்குப் போன பல்லுறை

தினகரனுக்கு வயது நாற்பத்தேழு. வாயில் பற்கள் முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவதை வேறு யாரும் உடைக்கவில்லை. தூக்கத்தில் அவரே கடித்து உடைத்துக்கொண்டார். அடுத்த பல்லிலும் விரிசல் கண்டிருந்தது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், வீட்டுக்குப் பின்னாலேயே சாயப்பட்டறை வைத்திருக்கிறார். தறிக்குப் போகும் முன் கச்சாப் பட்டு அங்கே வரும். புழு வாயிலிருந்து விட்ட நூல் என்பதால் அதன்மேல் பசை இருக்கும். சோப்பும் சோடாவும் கலந்த நீரில் கொதிக்கவைத்தால் பசை கழன்று நூல் மினுங்கும். அதன்பிறகுதான் சாயம் பிடிக்கும். இந்த வேலையில் தினகரனைக் குறை சொல்ல முடியாது. உலகத்தில் உள்ள மற்ற எல்லாப் பொருளும் பட்டுக்குத் தம்பி தங்கை என்று அவர் நம்புவதுதான் கோளாறு. மூக்குக் கண்ணாடியில் கறை என்று சோடா நீரில் ஊறப்போட்டார். மேல்பூச்சு உரிந்து, எதிரே வருகிற ஒருவர் இரண்டு பேராகத் தெரிந்தார். கண்ணாடிக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். கைக்கடிகாரத்தின் தோல் வாரையும் அதே நீரில் போட்டார். அது அப்பளம் மாதிரி நொறுங்கியது. தோல் போலி என்றார். அவர் கணக்கில் தப்பு செய்வது எப்போதும் பொருள்தான்.

பல் விஷயத்தில் அவரை மருத்துவரிடம் இழுத்துப் போனவர் மனைவி புவனேஸ்வரி. “தூங்கறப்போ இவரு வாயில கருங்கல்லு ஜல்லி உடைக்கிறாங்கமா,” என்று பெரிய காஞ்சிபுரத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் மருத்துவர் சுகாசினியிடம் சொன்னார்.

சுகாசினி கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்தார். “விரிசல் மேலாகத்தான் இருக்குது. ராத்திரி அழுத்தம் விழாம பார்த்துக்கினா இந்தப் பல்லைக் காப்பாத்தலாம். விரிசல் ஈறுக்குக் கீழ இறங்கிடுச்சுன்னா பிடுங்கறதைத் தவிர வழி இல்லை.” வாயை அச்செடுத்து, அடுத்த வாரம் கண்ணாடி போன்ற ஓர் உறையைக் கையில் கொடுத்தார். “இதுதான் நைட் கார்டு. தூங்கறப்போ பல்லு மேல மாட்டிக்கணும்.”

“ரேஷன் கார்டு மாதிரியா?” என்றார் தினகரன். தானே சிரித்துக்கொண்டார்.

பராமரிப்பு பற்றிச் சுகாசினி பொறுமையாகவே சொன்னார். காலையில் கழற்றியவுடன் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். மெல்லிய பிரஷ்ஷில் ஒரு சொட்டு கைகழுவும் சோப்புத் திரவம் போதும். பற்பசை கூடாது, அதிலிருக்கும் நறநறப்பு உறையைக் கீறிவிடும், கீறலில் அழுக்கு தங்கும். ஈரம் உலர்ந்த பிறகே காற்றோட்டமுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். வெந்நீர், வெயில் இரண்டும் ஆகவே ஆகாது.

முதல் வாக்கியத்திலேயே தினகரன் தலையாட்டத் தொடங்கிவிட்டார். தலையாட்டுகிறவரின் காதுக்குள் போவது கைக்கு வராது என்பது சுகாசினிக்கு இன்னும் தெரியவில்லை.

வீட்டில் முதல் பிரச்சினை, அதை எங்கே வைப்பது என்பது. சாமி அலமாரியில் கைக்கு எட்டும் இடம் இருந்தது. புவனேஸ்வரி கத்தினார். “ராத்திரி பூரா வாயில கெடந்தது! காமாட்சி பக்கத்துல யாராச்சும் எச்சிலை வெப்பாங்களா?” சமையலறைக்கும் அதே தீர்ப்பு. கடைசியில் சந்தனம் வந்த பழைய பிளாஸ்டிக் டப்பி கிடைத்தது. மூடி இறுக்கமானது; காற்றுப் புகாது. அதையே ஓர் அருமையான அம்சமாக எண்ணி, தினகரன் தினமும் காலையில் உறையை ஈரத்தோடு உள்ளே போட்டு அழுத்தி மூடினார். அலசுவதற்கு நேரம் இல்லையாம். திண்ணைப் பேச்சுக்கும் டீக்கடை அரசியலுக்கும் நேரம் இருந்தது.

பத்து நாளில் டப்பியைத் திறந்தால் சாக்கடை மூடியைத் திறந்த மாதிரி இருந்தது. உறையின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படலம். பல்பொடி போட்டுத் தரை தேய்க்கும் வேகத்தில் தேய்த்தார். உறை மங்கிப்போனது, நாற்றம் போகவில்லை.

“அதை வாயில வெச்சிக்கினு எங்கிட்ட பேசாதீங்க. திரும்பிப் படுங்க,” என்றார் புவனேஸ்வரி.

அப்போதுதான் தினகரனுக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. மறுநாள் காலை டப்பியோடு பட்டறைக்கு வந்தார். அடுப்பில் பட்டுக்கான நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கூரம் கிராமத்திலிருந்து வந்து அங்கே வேலை பார்க்கும் தாவீது, சிட்டம் சிட்டமாகச் சுற்றிய நூல் கட்டுகளைக் கோலில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“தாவீது, பட்டு நூல்னா இன்னாபா?”

“பட்டு நூல்தான், முதலாளி.”

“புழுவோட எச்சில்பா அது! எச்சில் மேல பசை. அந்தப் பசையவே நாம எடுத்துடறோம். எங்க வீட்டம்மா இது எச்சில்னு குதிக்கிறாங்க. புழு எச்சில் போற தண்ணியில மனுஷன் எச்சில் போவாதா?”

தாவீது உறையைப் பார்த்தார். “சுடுதண்ணி ஆவாதுனு டாக்டரம்மா சொன்னாங்கனு நீங்கதானே முந்தாநாள் சொல்லிக்கினு இருந்தீங்க?”

“அவங்க சொன்னது வீட்டு வெந்நீர். இது பட்டறைத் தண்ணி. வேற கணக்கு.”

“நூல் வேகும் முதலாளி. இது பிளாஸ்டிக்காச்சே.”

“நீ கோலைக் கொடுபா.”

உறையைப் பருத்தி நூலால் கோலில் கட்டி, சிட்டத்தைத் திருப்புவது போல முன்னும் பின்னும் திருப்பி, பதமாக வேகவைத்தார். வெளியே எடுத்தபோது நாற்றம் அறவே இல்லை. வளைவும் இல்லை. லாடம் போல இருந்த உறை காது போல மடங்கியிருந்தது.

தாவீது அதை விரலால் தொட்டார். “சுத்தமாத்தான் இருக்குது முதலாளி. யாரு வாய்க்குனுதான் புரியல.”

இதற்குப் பிறகு அறிவுள்ள ஒருவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: அதைக் குப்பையில் போட்டுவிட்டு மருத்துவரைப் பார்ப்பது. புவனேஸ்வரியும் அதைத்தான் சொன்னார். “இன்னைக்கே போயி வேற கேளுங்க. பல்லு போயிடப் போவுது.”

“போயி இன்னானு சொல்றது? வேகவெச்சேன்னா?”

ஒரு பல்லுக்கும் ஒரு கேலிச் சிரிப்புக்கும் இடையில் தினகரன் பல்லைக் கைவிட்டார். கோணிய உறையை வாய்க்குள் திணித்துக் கட்டை விரலால் அழுத்தினார். ஒரு பக்கம் ஏறியது, மறுபக்கம் தூக்கியது. ஏறிய பக்கம் விரிசல் விழுந்த பல்லின் பக்கம். கடிக்கிற அழுத்தம் முழுவதும் அந்த ஒரு பல்லின் தலையில் வந்து உட்கார்ந்தது. காலையில் தாடை வலித்தது. “புது செருப்பு கடிக்காதா? பழகிடும்,” என்றார். தினமும் இரவில் அதையே போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் பல் பிளந்தது. எலும்பைக் கடித்தா, முறுக்கைக் கடித்தா? தயிர்ச்சோறு சாப்பிடும்போது.

மாலையில் கிளினிக்கில் உட்கார்ந்ததும், கன்னத்தைப் பிடித்தபடியே அவர் தாக்குதலைத் தொடங்கினார். “ஒங்க பொருள் சரியில்ல டாக்டரம்மா. மூணு வாரம் கூட தாங்கல. நான் இப்படி சரக்கு குடுத்தா நெசவுக்காரங்க வாசல்ல வந்து நிப்பாங்க.”

சுகாசினி உறையை வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்தார். “சலவைச் சோப்பு வாசனை வருதே. எதுல கழுவினீங்க?”

“தண்ணியிலதான்.”

“கொதிக்கிற தண்ணியிலமா,” என்றார் புவனேஸ்வரி. “கோலுல கட்டி, பட்டோட பட்டா.”

சுகாசினி சிரிக்கவில்லை. அதற்காகத் தினகரன் அத்தனை நாள் பயந்தது வீணாயிற்று. எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்து, திரையில் ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டினார். “ஈறுக்குக் கீழ இறங்கிடுச்சு.”

“ஒட்ட வெக்க முடியாதா? பசை கிசை போட்டு?”

“முடியாது.”

தினகரன் மனைவி பக்கம் திரும்பி, “அடுப்பு கொஞ்சம் வேகமா இருந்திச்சு. தாவீது கவனிச்சிருக்கணும்,” என்றார்.

“எழுந்திரிங்க,” என்றார் புவனேஸ்வரி.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பல்லைப் பிடுங்குகிறார்கள்.