ஒவ்வொரு சிடியும் தனியாகத் திறக்க வேண்டும்

அபிதா என்கிற அபிதகுசாம்பாள் தினமும் தேவிகாபுரத்திலிருந்து பஸ் ஏறி ஆரணிக்கு வருவார். ஜெயவேலின் டிசைன் சென்டரில் பட்டுப்புடவைகளுக்கு பார்டரும் முந்தியும் வரைவது அவர் வேலை. அவர் கம்ப்யூட்டரில் வரைந்தபடி அட்டைகளில் துளை போடுவார்கள். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியில் மாட்டினால் எந்த நூல் எழும்ப வேண்டும் என்பதை அவை தீர்மானிக்கும். அபாரமான கற்பனை உள்ளவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அவர் பார்டரில் வரையும் மாங்காய்கள் எல்லாம் ஒரே மரத்தில் காய்த்தவை போலிருக்கும். ஆனால் தொடங்கியதை அரைகுறையாக விட்டுவிட்டு அவர் பஸ் ஏறியதில்லை.

சென்டரில் இருந்தது யூனிக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் ஒரே கம்ப்யூட்டர். 2003 கோடையில் அதன் ஹார்டு டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. புது டிஸ்க் மாற்ற வேலூரிலிருந்து அருள்தாஸ் என்ற இன்ஜினியர் வருவதாக ஏற்பாடு. அதற்குள் உள்ளே இருப்பதையெல்லாம் சிடியில் எழுதி வைக்க வேண்டும். ஆறு வருடங்களாக அபிதா வரைந்தவை அத்தனையும் அதில்தான் இருந்தன. கம்ப்யூட்டர் வந்த பிறகு கிராஃப் தாளில் யாரும் வரைவதில்லை. வேறு நகல் கிடையாது.

எல்லாம் ஒரு சிடியில் கொள்ளாது. அதனால் அவர் மொத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, சுருக்கி, சிடி அளவுக்குத் துண்டு போட்டு எழுதினார். ஐந்து சிடி ஆயிற்று.

"முடிஞ்சிதாம்மா?" என்று ஜெயவேல் எட்டிப் பார்த்தார்.

"எழுதியாச்சுண்ணா. திறக்குதான்னு பாக்கணும்."

"எழுதுனது திறக்காம எங்க போவும்? நாளைக்கு ஆளு வராரு."

முதல் இரண்டும் திறந்தன. மூன்றாவது சிடி திறக்கவில்லை. அப்போதும் அபிதா கலங்கவில்லை. கோத்த அட்டைகளில் ஒன்று கிழிந்தால் புடவையில் ஓர் இழை பிசகும், அவ்வளவுதான். மற்ற அட்டைகள் தம் வேலையைச் செய்யும். சிடியும் அப்படித்தான் என்று நினைத்து நான்காவதைப் போட்டார். ஒன்றும் வரவில்லை. ஐந்தாவதும் அப்படியே. இரண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை. மூட்டை மூன்றாவதில் அறுந்ததால் அதற்குப் பின்னால் இருந்த எதற்கும் பொருள் இல்லாமல் போயிற்று. சேர்ந்து இருப்பது வேறு, ஒன்றை நம்பி மற்றொன்று நிற்பது வேறு. தறியை மட்டும் பார்த்தவருக்கு அந்த வித்தியாசம் அதுவரை தேவைப்பட்டதில்லை.

"மூணாவத மட்டும் இன்னொரு தடவ எழுது. அதான் மெஷின்ல இருக்குதே" என்றார் ஜெயவேல்.

"இன்னிக்கு இருக்குதுண்ணா. டிஸ்க்க கழட்டுன பிறகு ஒரு சிடி கெட்டுப்போனா?"

"இன்னும் கெடவே இல்ல. அதுக்குள்ள அழுதுகினு இருக்க."

"அழுவல. எல்லாத்தையும் திரும்ப எழுதப் போறேன்."

ஜெயவேல் அலுத்துக்கொண்டே புது சிடிகள் வாங்கி வந்தார். இந்த முறை மூட்டை இல்லை, சுருக்கலும் இல்லை. பார்டர்கள் தனி, புடவை உடலில் வரும் சிறு பூக்களான புட்டாக்கள் தனி, முந்திகள் தனி. எந்த சிடியை எடுத்தாலும் மற்றதைக் கேட்காமல் திறக்க வேண்டும். எண்ணிக்கை எட்டாக உயர்ந்தது. எழுதிய ஒவ்வொன்றையும் உடனே திறந்து பார்த்தார்.

மறுநாள் அருள்தாஸ் வந்தபோது அபிதா கடைசி சிடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜல்தியா ஆஃப் பண்ணுங்கம்மா, நான் திரும்பிப் போவணும்."

"டீ சாப்பிடுங்க சார்."

"சாப்ட்டேம்மா."

"இன்னொண்ணு சாப்பிடுங்க."

"ஒக்காருங்க சார்" என்றார் ஜெயவேல். "நானே நேத்துலேருந்து ஒக்காந்துகினு இருக்கேன்."

கடைசி சிடியில் அன்னம் போட்ட ஒரு முந்தி பாதியில் நின்றது. மற்றவை எல்லாம் திறந்தன. அருள்தாஸ் திரையைப் பார்த்தார்.

"மிச்சமெல்லாம் வருதே. ஒண்ணு போனா போவட்டும்மா."

"ஒண்ணு கெட்டா ஒண்ணுதான் போவணும்னு எழுதுனேன் சார். அந்த ஒண்ணு போவட்டும்னு எழுதல."

அந்த சிடியைப் புதிதாக எழுதி, திறந்து பார்த்து, அதன் பிறகு அவரே மெஷினை நிறுத்தினார். அருள்தாஸ் புது டிஸ்க்கைப் பொருத்தி யூனிக்ஸை ஏற்றிக் கொடுத்தார். அபிதா சிடிகளை ஒவ்வொன்றாகப் போட்டு உள்ளே இறக்கினார். கடைசியாக, முன்பு பாதியில் நின்ற அந்த முந்தியைத் திரையில் திறந்தார். முழுதாக வந்தது.

ஜெயவேல் குனிந்து பார்த்தார்.

"இந்த அன்னம் ஏம்மா இவ்ளோ குண்டா இருக்குது?"

"அது மொதல்லயே குண்டுதாண்ணா" என்றார் அபிதா.